பெற்றோல் தீரும்வரை

முதலில் உப்பைத் துடைக்கச் சொன்னார். குளிர்காலம் முழுவதும் தெருவுக்கு இறைத்த உப்பு, பனியோடு கலந்து பனி வாரும் இயந்திரத்தின் இடுக்குகளுக்குள் ஏறி வெள்ளைப் பொருக்காக உறைந்திருந்தது; அதை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு எண்ணெய்த் துணியால் மெழுக வேண்டும். பவளராணி கராஜ் வாசலில் அட்டைப் பெட்டியொன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்காலிட்டு அதைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய கணவர் நித்தியானந்தன் புல்லில் பிளாஸ்டிக் கதிரை போட்டு அமர்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்தியதுபோல வலது கையை மடியில் கிடத்தி மேற்பார்வை செய்தார். அந்தக் கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் முதற்கணுவோடு முடிந்திருந்தன. ஸ்கார்பரோவில் ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. நான்கு மணிக்கு மகள் துவாரகா வக்கீலின் கடிதத்தோடு வருவாள். கடிதத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று விரலை இழந்தவருடையது, மற்றது நேரில் கண்ட சாட்சியினுடையது. சாட்சி இப்போது உப்புத் துடைத்துக்கொண்டிருந்தது.

"வாய்க்குள்ளையும் துடையும். உள்ளுக்குத்தான் கறள் பிடிக்கும்."

"துடைக்கிறன்."

"துடைக்கிறன் எண்டு வாய் சொல்லுது, கை வெளியிலையெல்லோ நிக்குது."

கை உள்ளே போகவில்லை. ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றித் தூர வளைத்து வைத்தாயிற்று, இனி இந்த இரும்பு தானாக மயிரிழைகூட அசையாது, அது அவளுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கை விளிம்பிலேயே நின்று துடைத்த இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தது. இதற்கு வாய் என்று யார் பெயர் வைத்தார்கள், வாய், பல், பனியை மேலே எறிகிற குழாய்க்குத் தொண்டை, இந்த வீட்டில் இருபது வருடமாக அப்படித்தான் சொல்லிப் பழக்கம், மனிதருக்குத் தங்கள் குற்றத்தை இறக்கிவைக்க உறுப்புகள் உள்ள ஒரு சாமான் தேவைப்படுகிறது போலும். ஆனால் அவர் இயந்திரத்தைக் குற்றம் சொல்லவில்லையே. இயந்திரத்தைச் சொல்லியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள், சாகும்வரை இருந்திருப்பாள், இரும்புக்கு என்ன மானம், அதற்கென்ன மனைவி பிள்ளையா. துணியின் ஓரத்தில் கபில நிறத்தில் ஏதோ ஒட்டியது. கறள். இரும்புத் துருதான், கறள்தான். மார்ச் மாதம் பதினைந்தாம் திகதி அயல்வீட்டுக்காரன் குழாய்த் தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தான், கறளைத் தவிர வேறெதுவும் இருக்க வழியில்லை, இருந்தும் அவள் அந்தத் துணியை மடித்துக் கறை தெரியாதபடி உள்ளே வைத்தாள். உள்ளே வைப்பதில் அவளுக்கு இப்போது நல்ல பயிற்சி.

அன்று விழுந்தது ஈரப் பனி. மாவைப் பிசைந்தாற்போல் கனத்து, எறிகுழாயின் அடியில் அடைத்துக்கொண்டது. அவர் இரண்டு பிடிகளிலும் இருந்து கையை எடுத்தார், கையை எடுத்தால் பற்கள் நிற்கும், அதுதான் இந்த இயந்திரத்தின் நியாயம், நின்றன. எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் குளிரில் மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பது அவருடைய கொள்கை. அடைப்பை எடுக்கவென்றே இயந்திரத்தோடு ஒரு சிவப்புத் தடியும் கொடுத்திருக்கிறார்கள், அதைத் தொடுவது ஆண்மைக்குக் குறைவு என்பது அவருடைய இன்னொரு கொள்கை. முன்பக்கம் போய், குல்லாவை முகம்வரை இழுத்துவிட்டுக் குனிந்து, கையைக் குழாய்க்குள் விட்டார். இந்த வீட்டின் டிரைவ்வே கராஜிலிருந்து தெருவை நோக்கிச் சரிவு. அவள் உப்பு வாளியோடு வெளியே வந்தபோது இயந்திரம் பனிக்கட்டியில் வழுக்கி அவர்மேல் இறங்கத் தொடங்கியிருந்தது, ஒரு சாண், அடுத்து இன்னொரு சாண், அவர் காணவில்லை, எஞ்சின் இரைச்சலில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலிருந்து இரண்டு கைப்பிடிகளையும் எட்டிப் பிடித்தாள். பிடித்தது மட்டுமென்றால் பிழையில்லை. இறுக்கினாள். கைப்பிடியின் கீழிருந்த லீவரையும் சேர்த்து, தன் பலம் முழுவதையும் கொடுத்து, பத்து விரலாலும் இறுக்கினாள்.

ஏன் இறுக்கினாய் என்று நாற்பத்தொரு நாளாக அவள் அந்தக் கைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கைகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: பிரேக். இருபத்திரண்டு வயதில் கணித ரீச்சராகக் கோப்பாயிலிருந்து கைதடிக்குச் சைக்கிளில் போய்வந்த கைகள் அவை. சண்டையால் பெற்றோல் வராத காலம், ஊர் முழுவதும் சைக்கிளில் திரிந்த காலம். பாலத்தில் எதிர்க்காற்று, இரண்டு பக்கமும் கடல்நீர், மேலே எங்கோ குண்டு போடுகிற பொம்பர் இரைகிற சத்தம். இரைச்சல் கேட்டால் முதலில் பிரேக், பிறகு சைக்கிளை விழுத்து, பிறகு குப்புறப் படு. நான்கு வருடம் அதே ஒழுங்கு. யோசித்தவர்கள் செத்தார்கள், கை யோசிக்காதவர்கள் கணிதம் படிப்பித்தார்கள். இரைச்சலும் வழுக்கலும் ஒன்றாக வந்தால் இறுக்கு. சைக்கிளில் இறுக்கினால் சில்லு நிற்கும். இதில் இறுக்கினால் பல் சுழலும். இதைச் செய்தவர்கள் இப்படி எதற்குச் செய்தார்கள், உலகத்தில் பயந்தவள் இறுக்குவாள் என்று அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்திருக்காது, அவர்கள் பயந்தால் கையை விடுகிற சனம், அவர்களுக்கு மேலே இருந்து எதுவும் விழவில்லை. சரி, இதெல்லாம் நியாயந்தான். கை செய்ததற்கு நியாயம் இருக்கிறது. நாக்கு செய்ததற்கு?

"இஞ்சாரும், நித்திரையோ? கிறீஸ் அடியும் இனி. அச்சிலை ரெண்டு பக்கமும்."

"அடிக்கிறனப்பா. ஒரு கை வேலை, ரெண்டு பேர் வாய். கொஞ்சம் பொறுங்கோ."

"ஒரு கை எனக்கெல்லோ." அவர் சிரித்தார். விரல்கள் போனதிலிருந்து அவர் அந்த விரல்களைப் பற்றி நகைச்சுவை சொல்கிறார், கேட்பவர்கள் சிரிக்கவேண்டும், சிரிக்காவிட்டால் முகம் கறுக்கும். அவள் சிரித்தாள்.

நாக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் பொய் சொன்னது. ஆசுப்பத்திரியில் ஒரு தாதி, பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டாள். வாசலடியில், உப்பு வாளியோடு, என்றாள் பவளராணி. ஆங்கிலத்தில் அது பொய் போலவே இல்லை, படிவத்தில் ஓர் இடம் நிரப்பியது போல இருந்தது. அடுத்தநாள் மகள் கேட்டபோது அதையே தமிழில் பெயர்த்தாள். மூன்றாம் நாள் அவர் மயக்க மருந்து தெளிந்து கேட்டார், "நீர் எங்கை நிண்டனீர்?" அப்போதும் வாசலடியில்தான் நின்றாள். அதன்பிறகு அந்த வாசலை விட்டு அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஒரு கிழமை போனதும் சொல்லலாம் என்று நினைத்தாள், தையல் வெட்டியதும் சொல்லலாம் என்று நினைத்தாள், அதற்குள் அவர் கேத்திரகணிதம் போடத் தொடங்கிவிட்டார். அச்சுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்ற மனிதன். இரும்பு வாய்களுக்குள் நாள் முழுவதும் கையை விட்டு எடுத்து, பத்து விரலோடும் ஓய்வு பெற்றவன். அதற்கென்று ஒரு மணிக்கூடும் தந்து அனுப்பினார்கள். அந்த மனிதனுக்குக் கவனப்பிழை என்ற விடை ஏற்காது. தரவு ஒன்று, பற்கள் நின்றன, கண்ணால் பார்த்தேன். தரவு இரண்டு, கை உள்ளே போனது. தரவு மூன்று, பற்கள் சுழன்றன. நடுவில் ஒரு படி குறைந்தது. அவர் யோசித்து யோசித்து, அந்தப் படியில் சத்தியேந்திரனை எழுதினார்.

சத்தியேந்திரன் இரண்டு தெரு தள்ளியிருக்கிறவன், தன் வீட்டுக் கராஜிலேயே புல்வெட்டும் இயந்திரமும் பனி வாரும் இயந்திரமும் திருத்திச் சீவிக்கிறவன், நவம்பரில் இந்த லீவருக்குப் புதிய கேபிள் போட்டுத் தந்தவன். கேபிளை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டான், அதனால் பிடிக்காமலே இழுபட்டது: விடை சரியாகப் பொருந்தியது, அடியில் இரட்டைக் கோடு இழுக்காததுதான் குறை. கோயிலில் சொன்னார், முதியோர் சங்கத்தில் சொன்னார், தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவனுக்குக்கூடக் கையை உயர்த்திக் காட்டிச் சொன்னார், "சத்தியின்ட கைவேலை இது, வடிவாய்ப் பார் தம்பி." அவள் பக்கத்தில் நின்று கருவாடு தெரிந்தெடுத்தாள். புல் முளைக்கிற காலம் வந்துவிட்டது, இந்நேரம் சத்தியின் வாசலில் புல்வெட்டிகள் வரிசையில் நிற்க வேண்டும். நேற்று அவள் பேருந்தில் போகும்போது பார்த்தாள், கராஜ் கதவு இழுத்து மூடியிருந்தது. அவன் ஆசுப்பத்திரிக்கு முந்திரிகைப் பழம் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனான். பிறகு தொலைபேசியில் பேசினான், அவர் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். "அண்ணை, நான் நாலுதரம் பிடிச்சு விட்டுப் பாத்தனான் அண்ணை." அவர் தொலைபேசியை மேசை நடுவுக்குத் தள்ளினார். அவன் குரல் தணிந்தது. "என்ட பிழையாய் இருக்கும். மன்னியுங்கோ." அவன் அதை நம்பத் தொடங்கிவிட்டான், அதுதான், பொய்க் குற்றத்தைச் சுமத்தினால் சண்டை பிடிப்பான் என்று அவள் காத்திருந்தாள், சண்டை பிடித்திருந்தால் சண்டையில் ஏதாவது தன்பாட்டில் வெளியே வந்திருக்கும், அவன் சண்டை பிடிக்கவில்லை, தன் கையைத் தானே சந்தேகித்து உட்கார்ந்துவிட்டான். இன்று நான்கு மணிக்கு, அவனிடம் நட்டஈடு கேட்கிற கடிதத்தில், அது எழுத்தில் ஏறும். "நீங்க கண்டதை மட்டும் எழுதினாக் காணும் அம்மா," என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள் துவாரகா, "நாலே நாலு வரி."

கிறீஸ் மணிக்கட்டுவரை பிசுபிசுத்தது. தாங்கியில் இருந்த பெற்றோலைக் கைப்பம்பால் உறிஞ்சிக் கலனில் விட்டாள், அவர் எட்டிப்பார்த்து அடியில் இன்னும் இருக்கிறது என்றார், இருக்கட்டும், அதை எஞ்சின் குடித்து முடிக்க வேண்டும், ஒரு துளி தங்கினாலும் கோடை வெக்கைக்குப் பிசினாகி உள்ளே ஒட்டிப்போகும். எஞ்சின் சூடானால்தான் பழைய ஒயிலும் இளகி இறங்கும். இயந்திரத்தை ஏன் இப்போது தொடுகிறீர்கள் என்று மகள் கேட்டதற்கு, படமெல்லாம் எடுத்தாயிற்று, சாமானைப் பெற்றோலோடு விட்டுப் பழுதாக்க ஏலாது என்று சொல்லிவிட்டார். வழக்கு வேறு, பராமரிப்பு வேறு. கராஜுக்குள் ஓடவிட்டால் புகையில் சாவோம் என்று இருவரும் சேர்ந்து, மூன்று கையால், அதை டிரைவ்வேக்குத் தள்ளினார்கள். முன்பக்கம் தெருவைப் பார்த்தபடி நின்றது. சரிவில், அதே இடத்தில், சற்றேறக்குறைய அதே இடத்தில். சில்லுக்கு அவர் கல் வைத்தார். அவள் பிளக் வயரை மாட்டி, சோக்கைத் திருப்பி, கயிற்றை இழுத்தாள், இரண்டாம் தரமும் இழுத்தாள், மூன்றாம் தரம் அது பிடித்துக்கொண்டது. இரைச்சல் வந்து வயிற்றில் அறைந்தது. குப்புறப் படு என்றது உடம்பு. ஐம்பத்தேழு வயதில், சனிக்கிழமைப் பிற்பகலில், அயலவர் பார்க்க, எங்கே படுப்பது. கைகள் எதையாவது இறுக்கத் தேடின. அவள் இரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

"லீவரைத் தொடாதையும்!" அவர் கத்தினார். "தானாய்ச் சுத்துதோ எண்டு பாப்பம்!"

அவர் வாயின் முன்னே குந்தியிருந்தார். அவருக்கு வேண்டியது அது சுழல்வது. ஒருதரம், அரைச் சுற்று, சுழன்றால் போதும், நாற்பத்தொரு நாளும் பேசியது உண்மையாகிவிடும். பற்கள் அசையவில்லை. எஞ்சின் அலறியது, உடல் முழுவதும் நடுங்கியது, பற்கள் மட்டும் கோயில் சிலைபோல நின்றன. சத்தி நான்குதரம் பார்த்த கேபிள் எவ்வளவு இழுக்கவேண்டுமோ அவ்வளவே இழுத்து, விடவேண்டிய இடத்தில் விட்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார், சில்லுக்குக் கீழ் பார்த்தார், கைப்பிடியை இடது கையால் தட்டிவிட்டுத் திரும்ப வந்து பார்த்தார். எதுவும் இல்லை. அவர் எழுந்தபோது முகம் மாறியிருந்தது. அவளிடம் வந்து காதடியில் வாயை வைத்துச் சொன்னார், இந்த முறை கத்தவில்லை, இரைச்சலுக்கு மேலால் எப்படியோ கேட்டது.

"அண்டைக்கு நிண்டதைக் கண்ணாலை கண்டனான் பவளம். சத்தியமாய்க் கண்டனான்." பிறகு, "காணேல்லைப் போலை. என்ட தலைக்குள்ளைதான் ஏதோ. என்ட அப்பாவுக்கும் இந்த வயதிலைதான் மறதி துவங்கினது, தெரியுமெல்லோ."

அவர் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கைப்பிடிகளுக்குப் பின்னால் நின்றாள், அன்றுபோல, அன்று நிற்கவில்லை என்று சொன்ன இடத்தில். இது கணக்கில் வராத ஒன்று. சத்தியை ஒரு பக்கம் வைத்து, தன் பயத்தை மறுபக்கம் வைத்து, இத்தனை நாளும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த மனிதனை எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. சரியாகக் கண்டவனைக் காணவில்லை என்று நம்பவைத்தாயிற்று. ஒழுங்காகப் பூட்டியவனைப் பிழையாகப் பூட்டினேன் என்று நம்பவைத்தாயிற்று. இன்னும் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் இந்தத் தெருவில் புத்தி தெளிந்த ஆள் ஒருவரும் மிஞ்சமாட்டார், அவள் ஒருத்தியைத் தவிர. சொல்லு. சொன்னால் என்ன செய்வார். அடிக்கமாட்டார், அடிக்கிற ஆள் இல்லை, அந்தக் கையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வை, சோற்றுக் கோப்பையை நீட்டும்போது, சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடும்போது, ஒவ்வொரு நாளும், மூன்று வேளையும். இவ்வளவு இரைச்சலில் சொன்னால் கேட்காது. கேட்காதபடி ஒருதரம் சொல்லிப் பார்க்கலாம், வாய்க்குப் பழக்கமாகட்டும், சொற்கள் எந்த ஒழுங்கில் வரும் என்று தெரிந்துகொள்ளலாம். இன்னும் ஐந்து நிமிடத்துக்காவது பெற்றோல் இருக்கும்.

"நான் வாசலடியிலை நிக்கேல்லை," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காதது இதமாக இருந்தது. இன்னும் உரக்கச் சொன்னாள், "நான் இஞ்சைதான் நிண்டனான், உங்களுக்குப் பின்னாலை, இதிலை, மெஷின் உங்களுக்கு மேலை வழுக்கிச்சுது, நான் வந்து பிடிச்சனான்," உரக்க, இன்னும் உரக்க, தொண்டை நோகுமட்டும், மாணவர்களுக்குக்கூட இப்படிக் கத்தியதில்லை, "சத்தியிலை ஒரு பிழையும் இல்லை, உங்கட கண்ணிலை ஒரு பிழையும் இல்லை, பிரேக் எண்டு நினைச்சு லீவரை இறுக்கினது" என்ற இடத்தில் எஞ்சின் ஒருமுறை இருமியது, விக்கியது, நின்றது. "நான்தான்!"

எதிர்வீட்டு மேப்பிள் மரத்திலிருந்து ஒரு குருவி எழுந்து போனது.

அவர் தலையைத் திருப்பினார். "என்ன சொன்னீர்?"

பெற்றோல் முடிஞ்சுது எண்டு சொன்னனான். பதில் நாக்கின் நுனியில் ஆயத்தமாக, பளிச்சென்று, முழுசாக நின்றது. அவ்வளவு விரைவாக அது வந்ததுதான் அவளைப் பயப்படுத்தியது.

"லீவரைப் பிடிச்சது நான்," என்றாள். "அண்டைக்கு. பிரேக் எண்டு நினைச்சிட்டன்."

அவர் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. இயந்திரத்தின் சூடான இரும்பு 'டிக் டிக்' என்று சுருங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல இருந்தார்.

"எத்தினை நாள்?"

"நாற்பத்தொரு நாள்."

"விரலின்ட கதையை விடும்," என்றார். "கை பிழைச்சது, அது ஆருக்கும் வரும். நாற்பத்தொரு நாளும் நான் அந்தப் பெடியனை ஊர் முழுக்கப் பேசித் திரிஞ்சன். நீர் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீர்."

"ஓம்."

"கருவாடு தெரிஞ்சனீர்."

"ஓம்."

அவர் இடது கையால் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். இடது பெருவிரலால் இலக்கங்களைத் தேடினார், பிழையானதில் பட்டது, அழித்தார், மறுபடி தேடினார். அவள் உதவிக்கு ஓர் அடி வைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினார். நெடுநேரம் எடுத்து, ஒரு மாதிரி இலக்கம் முழுவதையும் அழுத்தி முடித்து, அதைக் காதில் வைக்காமல் அவளிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கிவிட்டிருந்தது.

கிறீஸ் கையால் வாங்கினாள். மூன்றாம் மணியில் சத்தி எடுத்தான், இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும், குரல் முன்கூட்டியே குனிந்திருந்தது.

"சொல்லுங்கோ அண்ணை. கடிதம் எழுதியாச்சோ?"

"தம்பி, நான் பவளமக்கா," என்றாள். "ஃபோனை வையாதையும். நீர் போட்ட கேபிள் சரி. நான் சொல்லுறதை முழுக்கக் கேளும், பிறகு உமக்கு என்னைப் பேச இருக்கிறதெல்லாம் பேசும். நான் நிண்டு கேக்கிறன்."